முடுக்குகிற பக்கம்

உப்பு விளைகிற ஊரில் இரும்புக்கு ஆயுசு கம்மி. தூத்துக்குடிக்குத் தெற்கே, இரண்டு பக்கமும் பாத்திகள் கிடக்க நடுவில் ஓடுகிற ரோட்டில் போனவர்களுக்கு இது தெரியும். இரும்புக் கதவின் கொண்டி இற்றுப்போய்த் தொங்கும். புதுச் சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்துக்குள் சிவந்துவிடும். அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தால் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பாதி வேலைதான் ரிப்பேர். மீதிப் பாதி, ரிப்பேர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவது. துருவேறி இறுகின போல்ட்டு வழிவிட்டால்தானே உள்ளே போக முடியும்?

ஜெசிந்தா அங்கே கடை வைத்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டாள். இறுகிப்போன போல்ட்டு என்றால், "அந்தப் பொம்பளைட்ட கொண்டு போ" என்று மற்ற மெக்கானிக்குகளே அனுப்பி வைப்பார்கள்.

ஒரு கார்த்திகை மாசத்துக் காலையில் முத்துமாலை அவள் கடைக்கு வந்தார். ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷமாக உப்பளத்தில் கங்காணி. வரப்பில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் மூன்றாவது பாத்தியில் குனிந்திருக்கிற ஆள் நிமிர்ந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு வாருகிற வேலை கிடையாது. அதனால் ஆள் சும்மா இருந்தார். குட்டியானை வண்டியில் ஒரு மோட்டார் சைக்கிளைப் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஏ பிள்ள!"

ஜெசிந்தா கையிலிருந்த கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஊதி முடித்துத் துணியில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். கீழே இறக்கின வண்டியில் இரும்பெல்லாம் சிவப்பு, அலுமினியமெல்லாம் வெள்ளை.

"என்ன அண்ணாச்சி, வண்டியக் கருவாடு போட்டுல்லா வச்சிருக்கீங்க?"

"உப்புக் குடோன்ல கெடந்துச்சு."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம்."

"யாரு கொண்டுபோய்ப் போட்டா?"

"நான்தான்."

டேங்கில் ஒட்டியிருந்த எழுத்தை அவள் விரலால் துடைத்தாள். கற்குவேல் என்று இருந்தது.

"உங்க பேரா?"

"மவன் பேரு."

அவள் கிக்கரைக் காலால் அழுத்திப் பார்த்தாள். சுவரை அழுத்தின மாதிரி நின்றது.

"பிஸ்டன் பிடிச்சிருக்கு. ஹெட்டக் கழட்டித்தான் பாக்கணும். விட்டுட்டுப் போங்க. முடிச்சு வைக்கேன்."

"நீ கழட்ட வேண்டாம். நான் கழட்டணும். நீ சொல்லித் தந்தாப் போதும்."

"எதுக்கு?"

"பொங்கலுக்கு மவன் வாரான். வண்டிய எடுத்துட்டுப் போயிருதேன்னு அவன் அம்மைட்ட சொல்லிருக்கான். என்கிட்ட பேச்சு இல்ல." முத்துமாலை வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதச் சாக வச்சது நானு. நான்தான் எழுப்பணும்."

ஜெசிந்தா கிக்கரிலிருந்து காலை எடுத்தாள்.

"சொல்லித் தாரேன். ஒரு போல்ட்டுகூட ஒடியாம எடுக்கத் தெரிஞ்ச பொறவுதான் இந்த வண்டியில கை வைக்கணும். சம்மதமா?"

"சரி பிள்ள."

அவள் அவரைப் பார்த்தபடி நின்றாள். அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து யாருக்கும் போகாத வார்த்தை அது. வருவதற்கும் சற்று நேரமானது.

"சரி மேஸ்திரி."

கடைக்குப் பின்னால் உடைமரத்தடியில் பழைய எஞ்சின் ஒன்று பல வருஷமாகக் கிடந்தது. மறுநாள் அவள் அதைக் காட்டினாள்.

"இதுல பதினாலு போல்ட்டு இருக்கு. எடுத்துட்டு வாங்க."

"எப்படி எடுக்கணும்னு சொல்லலியே?"

"எடுத்துப் பாருங்க. பொறவு சொல்லுதேன்."

முத்துமாலை ஸ்பானரைப் போட்டு இழுத்தார். அசையவில்லை. கடை மூலையில் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் சாத்தியிருந்தது. ஸ்பானரின் வாலில் அதைச் செருகினால் பிடி இரண்டு மடங்காகும். ஆள் தம் கட்ட வேண்டாம், சாய்ந்தாலே போதும். முத்துமாலை செருகினார், சாய்ந்தார். முதல் போல்ட்டு 'டப்'பென்று வந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்ததும் டப். டீக்கடைக்காரர் டீ கொண்டு வருவதற்குள் உள்ளங்கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார்.

"ஒம்போது வந்துட்டு மேஸ்திரி."

ஜெசிந்தா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தலைதான் வந்துருக்கு அண்ணாச்சி. உடம்பு உள்ளயே இருக்கு."

முத்துமாலை கையைப் பார்த்தார். ஒன்பதும் தலைகள்தான்.

"எவ்வளவு பலம் போட்டீங்க?"

"இருந்ததெல்லாம் போட்டேன்."

"போல்ட்டும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள். டீயைக் குடித்தாள்.

உள்ளே நின்றுவிட்ட ஒன்பது உடம்பையும் அவரே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மிச்சம் தெரிந்த நுனியில் நட்டை வைத்து வெல்டிங் பண்ணிச் சிலதை எடுத்தார். நுனியே தெரியாததை நடுவில் துளைபோட்டு, ஊசியால் முள் எடுக்கிற மாதிரி எடுத்தார். தலை எடுக்க ஒரு டீ நேரம். உடம்பு எடுக்கப் பதினோரு நாள். கடைசித் துண்டு வெளியே வந்த அன்றைக்குக் குழாயைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இந்தச் சனியன எதுக்கு மேஸ்திரி வச்சிருக்கீங்க? தூக்கிப் பழைய இரும்புல போட்டுருவோமா?"

"அங்கயே கெடக்கட்டும்."

"நீங்க எடுத்து நான் பார்த்ததே இல்லையே."

"நானும் ரொம்ப நாளாப் பாக்கலதான்" என்றாள்.

மீதி ஐந்து போல்ட்டையும் அவள் சொன்னபடி எடுத்தார். எண்ணெய் விட்டு ஊறவைக்கப் பழகினார். சின்னச் சுத்தியலால் தலையில் தட்டிக் கேட்கப் பழகினார். எண்ணெய் இறங்காதவரை அது ஒரு மாதிரிக் கட்டைச் சத்தம் தரும். இறங்கிவிட்டால் சத்தம் மாறும்.

"எத்தன நாள் ஊறணும் மேஸ்திரி?"

"என்கிட்ட கேட்டா? தட்டி அதுட்ட கேளுங்க."

முதலில் அவருக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் சத்தம் போட்ட ஆளுக்குச் சத்தம் கேட்க வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தது. ஐந்தும் முழுசாக வெளியே வந்தன. போல்ட்டுகளின் திருகு மரையில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. முத்துமாலை பழக்கதோஷத்தில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்லையே."

"அலுமினியம் அழுகின பொடி. துப்புங்க அண்ணாச்சி, துப்புங்க!"

அன்றைக்குத்தான் அவள் சிரித்து அவர் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"கோயம்புத்தூர்ல லேத்து வேலைக்குப் போறேன்னான். போகாதன்னேன். என்கூட அளத்துக்கு வா, எனக்குப் பொறவு நீ கங்காணின்னேன். மாட்டேன்னான். ராவோட ராவா வண்டியக் குடோன்ல போட்டுப் பூட்டிட்டேன். சாவிய மடியில கட்டிக்கிட்டேன். வண்டி இல்லாம எங்க போயிருவான்னு."

"போயிட்டானா?"

"நடந்தே போயிட்டான். நாலு கிலோமீட்டர்."

"வண்டி?"

"வண்டி எங்கயும் போகல மேஸ்திரி."

மார்கழி பிறந்ததும் மகனின் வண்டியில் கை வைக்க விட்டாள். டேங்கையும் சைலென்சரையும் கழற்றி அப்பால் வைத்தார்கள். எஞ்சினின் தலையை, அதாவது ஹெட்டை, நாலு நீளப் போல்ட்டுகள் பிடித்திருந்தன. அதில் ஒன்று ஒடிந்தால்கூட உடம்பு ஆழத்தில் நின்றுபோகும். பொங்கலுக்குள் எடுக்க முடியாது. மகன் வந்து பார்க்கும்போது வண்டி பிணமாய்க் கிடக்கும். நாலையும் ஊறவைத்து, தட்டிக் கேட்டு, மறுபடி ஊறவைத்துப் பத்து நாள் போனது. சத்தம் மாறவே இல்லை.

"இனி சூடு காட்டுங்க" என்று கேஸ் டார்ச்சைக் கொடுத்தாள்.

முத்துமாலை பற்றவைத்து, நெருப்பை முதல் போல்ட்டின் தலைமேல் பிடித்தார். போல்ட்டு சிவக்கத் தொடங்கியது. ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள்.

"எதச் சுடுதீங்க?"

"போல்ட்டத்தான். அதுதானே வரமாட்டேங்கு?"

"அது எங்க வரமாட்டேங்கு? இதுல்லா விடமாட்டேங்கு."

அவள் ஸ்பானர் நுனியால் தொட்டுக் காட்டினது, போல்ட்டைச் சுற்றியிருக்கிற அலுமினியத்தை.

"இதச் சுடுங்க. இது விரிஞ்சாத்தான் அதுக்கு இடம் கிடைக்கும்."

முத்துமாலை அசையாமல் நின்றார். டார்ச் அவர் கையில் சீறிக்கொண்டே இருந்தது.

"கேஸ் வீணாகுது அண்ணாச்சி."

அவர் நெருப்பைத் திருப்பினார்.

அப்படிச் சுடுவதும் ஆறவிடுவதுமாகச் செய்ததில் மூன்று போல்ட்டுகள் வந்தன. நாலாவது வரவில்லை. எண்ணெய்க்கும் மசியவில்லை, சூட்டுக்கும் மசியவில்லை. பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது. ஐந்து நாள் ஆனது. அன்றைக்கு முத்துமாலை ஸ்பானரை மாட்டிக்கொண்டு கொஞ்சம் அழுத்தினார். போல்ட்டு லேசாக முறுகுகிற மாதிரி கைக்குத் தெரிந்தது. ஒடியப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கையை எடுத்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது.

"மேஸ்திரி, ஒரு வார்த்த சொல்லுங்க. பலம் போட்டா ஒடியுது. போடாம இருந்தா வரமாட்டேங்கு. நான் என்னதான் செய்ய?"

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்பானரை மாட்டி, வலது பக்கம் அழுத்தினாள்.

"ஐயோ, அது முடுக்குற பக்கம் மேஸ்திரி!"

"தெரியும்."

"கழட்டத்தானே பாக்கோம்? எதுக்கு முடுக்குதீங்க?"

"ரெண்டு வருசமா இந்தப் பக்கந்தான் இறுகிக் கெடக்கு. இந்தப் பக்கம் கொஞ்சம் போகச் சொன்னா, சண்டைக்கு நிக்காது."

அவள் கை நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. ஆனால் உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தை நகத்தால் சுண்டினால் வருமே, அவ்வளவு சத்தம். முத்துமாலைக்குக் கேட்டது. பிறகு இடது பக்கம் ஒரு மயிரிழை. பிறகு மறுபடி வலது. எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். மறுபடி இடது, ஒரு மயிரிழைக்குக் கொஞ்சம் கூட.

"அசையுது! அசையுது மேஸ்திரி! விடாதீங்க, இழுத்துருங்க!"

ஜெசிந்தா ஸ்பானரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு இவ்வளவுதான் அண்ணாச்சி."

"வரும்போது எதுக்கு நிறுத்தணும்?"

"வரும்போதுதான் ஒடியும்" என்றாள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள்.

முத்துமாலை அன்றைக்கு முழுக்க அந்தப் போல்ட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஸ்பானர் மடியில் கிடந்தது. மறுநாள் காலையில் அவரே செய்தார். வலது ஒரு மயிரிழை, இடது இரண்டு. சொட்டு எண்ணெய். வலது, இடது. மரைக்குள்ளிருந்து வெள்ளைப் பொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் போல்ட்டு முழுசாகக் கையில் வந்தது. தலையோடு, உடம்போடு. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மனைவி பேச்சிக்கனியிடம் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒரு மாசம்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடிவிட்டது. பிஸ்டனை விடுவித்தார்கள், சிலிண்டரைச் சுத்தம் பண்ணினார்கள். போகிக்கு முந்தின நாள் வண்டி கறுப்பாய்ப் புகை கக்கிக்கொண்டு உயிர் பிடித்தது. ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். முத்துமாலை வண்டியை நிறுத்தினார், எடுத்தார், மறுபடி நிறுத்தினார், மறுபடி எடுத்தார்.

"பெட்ரோல் தீரப்போகுது" என்றாள் ஜெசிந்தா.

போகியன்று காலையில் வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போகக் கடைக்கு வந்தவருக்கு, பேச்சிக்கனியிடமிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசினார். பேசப் பேசக் குரல் ஏறியது. அளத்து வரப்பில் நிற்கிற குரல்.

"வாசல்ல நின்னுட்டுப் போறதுக்கு அவன் என்ன தபால்காரனா? நீ வை போன!"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு வாரானாம் மேஸ்திரி. வீட்டுக்குள்ள காலு வைக்க மாட்டானாம். வாசல்ல நின்னு வண்டிய எடுத்துட்டு அப்படியே போயிருவானாம். அவன் அம்ம அடுப்பு வச்சுப் பொங்கப் போடுதா, அந்தப் பொங்கலுக்கும் நிக்கமாட்டானாம்."

முத்துமாலை கடைக்குள் இரண்டு தடவை நடந்தார். சட்டென்று நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இப்படிச் செஞ்சா என்ன மேஸ்திரி? வண்டிய நடுவீட்டுல கொண்டுபோய் நிறுத்திருதேன். வாசக்கதவச் சாத்திருதேன். சாவி என் மடியில. வண்டி வேணும்னா உள்ள வந்துதானே ஆகணும்?"

ஜெசிந்தா கையிலிருந்த வேலையிலேயே கண்ணாக இருந்தாள்.

"பைப்பு அந்த மூலையில கெடக்கு அண்ணாச்சி" என்றாள். "வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

முத்துமாலை மூலையைப் பார்த்தார். குழாய் சாத்தினபடியே இருந்தது. அவர் பலகையில் போய் உட்கார்ந்தார். ரோட்டில் ஒரு உப்பு லாரி போனது. அது போய் ரொம்ப நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு வருஷமாகக் கூப்பிடாத நம்பர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று நினைக்கையில் எடுத்தான். அங்கிருந்து பேச்சு வரவில்லை. பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற இரைச்சல் மட்டும்.

முத்துமாலைக்குத் தொண்டைவரை வந்துவிட்டது, 'உள்ள வாலே' என்று. விழுங்கினார்.

"கற்குவேலு. வண்டிய வாசல்லயே நிறுத்தி வைக்கேன். சாவி அதுலயே இருக்கும். நீ உள்ள வர வேண்டாம்லே. வந்து எடுத்துட்டுப் போ."

இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று பார்த்தார். வைக்கவில்லை.

"ஓடுதா?"

"ஓடுது."

"பிஸ்டன் பிடிச்சிருக்குமே. யாரு கழட்டுனா?"

"நான்தான்."

மறுபடி இரைச்சல்.

"எத்தன போல்ட்ட ஒடிச்சீங்க?"

"இதுல ஒன்னுகூட இல்லலே. வேற ஒரு எஞ்சின்ல ஒம்போது."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பா, மூச்சா என்று சொல்ல முடியாது. நகத்தை நகத்தால் சுண்டினால் வருமே, அவ்வளவுதான். முத்துமாலைக்குக் கேட்டது.

"காலைல வாரேன்" என்று கற்குவேல் போனை வைத்தான்.

முத்துமாலை எழுந்து நின்றார்.

"பேசிட்டான் மேஸ்திரி! கேட்டீங்களா, பேசிட்டான்! இப்பவே மறுபடி அடிச்சு, உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போன்னு சொல்லிரட்டா?"

ஜெசிந்தா எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி, அவர் சட்டைப் பையிலேயே போட்டாள்.

"இன்னைக்கு இவ்வளவுதான் அண்ணாச்சி."